வாடகை, மாவு, மொழி: லத்தீனோ வீடுகளின் வரவு செலவு

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தை வளரும் வீட்டுக்கு மதிப்பெண் போட அமெரிக்காவில் ஒரு படிவம் இருக்கிறது. அதில் 55 கேள்விகள். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெட்டி கால்டுவெல், ராபர்ட் பிராட்லி இருவரும் உருவாக்கிய படிவம் அது; ஆய்வாளர்கள் சுருக்கமாக ‘ஹோம்’ என்கிறார்கள். பார்வையாளர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருப்பார். சிலவற்றைப் பார்த்து எழுதுவார், சிலவற்றைத் தாயிடம் கேட்டு எழுதுவார். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. குழந்தைக்கென்று 10 புத்தகமாவது இருக்கிறதா? வீட்டில் ஆளுக்கு 100 சதுர அடி இடம் தேறுமா? போன ஓராண்டில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்களா? தினமும் நாளிதழ் வாங்கிப் படிக்கிறார்களா? ஒரு வேளையாவது குழந்தை அம்மா, அப்பாவோடு சேர்ந்து சாப்பிடுகிறதா?

இன்னொரு கேள்வியும் உண்டு. குழந்தை அம்மாவை அடித்துவிட்டால் கடுமையான தண்டனை இல்லாமல் தப்புமா? தப்பும் என்றால் வீட்டுக்கு ஒரு மதிப்பெண். மிச்சோவாகானிலிருந்தோ ஓஹாக்காவிலிருந்தோ வந்த மெக்சிகப் பாட்டி ஒருத்தி இந்தக் கேள்வியைக் கேட்டால் பார்வையாளரை ஏற இறங்கப் பார்த்திருப்பாள். பெரியவர்களுக்கு மரியாதை என்பது அந்த வீடுகளில் எழுத்துக்கு முன்பே சொல்லித்தரப்படும் பாடம். படிவத்திலோ அது ஒரு மதிப்பெண் குறைவு.

லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளின் வீட்டுச்சூழல் பற்றி எழுதப்படும் அறிக்கைகளில் ‘பண்பாடு’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. எந்தச் செலவைப் பண்பாட்டின் பெயரில் எழுதலாம், எதைச் சம்பளத்தின் பெயரில் எழுத வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. அந்த 55 கேள்விகளிலேயே தொடங்கலாம். விளையாட்டுச் சாமான், புத்தகம் முதலிய கற்றல் பொருட்களுக்கு 11. வீட்டின் அளவு, வெளிச்சம், பாதுகாப்புக்கு 7. மொழித் தூண்டலுக்கு 7, தாயின் கனிவுக்கு 7, படிப்புத் தூண்டலுக்கு 5, நடத்தை முன்மாதிரிக்கு 5, பலவகை அனுபவங்களுக்கு 9, பொறுத்துப்போவதற்கு 4. முதல் இரண்டைக் கூட்டினால் 18. அதாவது மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கடையில் வாங்குவது அல்லது வாடகையில் வருவது. அருங்காட்சியகத்துக்கும் வெளியூருக்கும் போய்வருவதைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இனி, யாருடைய வீடுகள் என்று பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் லத்தீனோக்கள் 6.21 கோடி, மொத்த மக்களில் 18.7 விழுக்காடு. 1980இல் அவர்கள் 1.46 கோடிதான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் எடுத்தால் பங்கு 25.7 விழுக்காடாக ஏறுகிறது: நாலு குழந்தைக்கு ஒன்று. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். 2007இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் 52 விழுக்காட்டினர் குடியேறியவர்களின் பிள்ளைகள், அதாவது இரண்டாம் தலைமுறை. 6.21 கோடியில் மெக்சிக வம்சாவளி 3.59 கோடி, போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 56 லட்சம். பின்னவர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். குடியேற்ற அலுவலகத்தின் வாசலை மிதிக்கத் தேவையில்லாதவர்கள். இரு வகையாரையும் ஒரே ‘லத்தீனோப் பண்பாடு’ என்ற மூட்டையில் கட்டுவதே சரியல்ல. ஆனால் அரசுப் புள்ளிவிவரங்கள் அப்படித்தான் கட்டித் தருகின்றன. கிடைத்ததை வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2023இல் அமெரிக்கக் குடும்பங்களின் நடுநிலை ஆண்டு வருமானம் 80,610 டாலர். லத்தீனோக் குடும்பத்துக்கு 65,540. லத்தீனோ அல்லாத வெள்ளையர் குடும்பத்துக்கு 89,050. சேர்த்துவைத்த சொத்தில் பள்ளம் இன்னும் ஆழம்: 2022இல் வெள்ளையர் குடும்பத்தின் நடுநிலைச் சொத்து 2,85,000 டாலர், லத்தீனோக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 61,600. சம்பளத்தில் நாலில் மூன்று பங்கு, சொத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அடுத்த மாதம் வேலை போனாலும் வாடகை கட்டலாம் என்ற தெம்பைத் தருவது இரண்டாவது எண்.

கீழ்த்தட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009க்குப் பிறகு ஒரு சென்ட் கூட ஏறவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் சட்டக்கூலியும் அதுதான்.

ஒருவர், வாரம் 40 மணி, 52 வாரம்: 15,080 டாலர்.
இருவர்: 30,160 டாலர்.
நாலு பேர் குடும்பத்துக்கு 2024இல் அரசு வகுத்த வறுமைக்கோடு: 31,200 டாலர்.

கணவன், மனைவி இருவரும் ஒரு நாள் கூட லீவு போடாமல் உழைத்தாலும் கோட்டைத் தொட 1,040 டாலர் குறைகிறது. நடைமுறையில் பலர் இதைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். பலருக்கு 52 வாரமும் வேலை கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் அருங்காட்சியகக் கேள்விக்கு 0 விழுந்தால் அதற்குப் பண்பாட்டைக் காரணம் காட்டுவது அநியாயம்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. பிராட்லியும் சின்தியா கார்சியா கோல் முதலியோரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, 1986 முதல் 1994 வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்புத் தரவுகளில் வீட்டு மதிப்பெண்களை இனவாரியாகவும் வறுமைவாரியாகவும் பிரித்துப் பார்த்தது. வெள்ளையர், கறுப்பர், லத்தீனோ என்ற வேறுபாட்டைவிட ஏழை, ஏழையல்லாதவர் என்ற வேறுபாடே பெரிதாக நின்றது. இன வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதைவிட வலுவான சான்று ஒன்று அண்மையில் தற்செயலாகக் கிடைத்தது. 2021இல் கொரோனா நிவாரணமாக ஒரே ஓராண்டுக்குக் குழந்தை வரிச்சலுகை உயர்த்தப்பட்டது: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 3,000. வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத்தொகை. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை வறுமை அளவையின்படி அந்த ஆண்டு லத்தீனோ குழந்தைகளில் ஏழைகள் 8.4 விழுக்காடு. உயர்த்திய சலுகை ஆண்டு முடிவோடு நின்றது. 2022இல் அதே எண் 19.5. பன்னிரண்டு மாதத்தில் இருமடங்குக்கு மேல். இந்த இடைவெளியில் லத்தீனோத் தாய்மார் தாலாட்டை மாற்றிக்கொள்ளவில்லை, பாட்டிமார் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. மாறியது காசோலை.

சரி, காசால் வாங்க முடியாதவற்றுக்கு வருவோம். முக்கியமானது பேச்சு.

ஏழைக் குழந்தைகள் காதில் விழும் சொற்கள் குறைவு என்று கல்வித்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஹார்ட், ரிஸ்லி இருவரும் 1995இல் வெளியிட்டது. அதில் கவனிக்கப்பட்டவை 42 குடும்பங்கள். ஸ்பானிஷ் பேசும் வீடு அதில் இல்லை. ஆனாலும் அதன் முடிவு லத்தீனோ வீடுகளின் தலையிலும் பல ஆண்டு கட்டப்பட்டது. 2013இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அட்ரியானா வைஸ்லெடரும் ஆன் ஃபெர்னால்டும் ஸ்பானிஷ் பேசும் ஏழை வீடுகளுக்கே போனார்கள். 19 மாதக் குழந்தைகள் 29 பேர். குழந்தையின் சட்டையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. வீட்டில் ஒரு நாள் முழுக்கக் கேட்டதெல்லாம் அதில் பதிவாகும். தொலைக்காட்சிச் சத்தம், பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது, குழந்தையை நோக்கிப் பேசியது என்று தனித்தனியாகப் பிரித்தார்கள்.

பத்து மணி நேரப் பகலில் ஒரு குழந்தையிடம் பேசப்பட்ட சொற்கள் 12,000க்கு மேல். இன்னொரு குழந்தையிடம் 670 மட்டும். நிமிடத்துக்கு 20 சொல் ஒரு வீட்டில். இன்னொரு வீட்டில் நிமிடத்துக்கு ஒன்று. மொழி ஒன்று, வருமான அடுக்கும் ஏறத்தாழ ஒன்று. வேறுபாடு 18 மடங்கு. அதிகம் பேசிக் கேட்ட குழந்தைகள் 24 மாதத்தில் அதிகச் சொற்களைத் தெரிந்துவைத்திருந்தார்கள். கேட்ட சொல்லை வேகமாகப் புரிந்தும் கொண்டார்கள். சுற்றி ஓடிய பேச்சு எவ்வளவு இருந்தாலும் பலன் தரவில்லை. தன்னைப் பார்த்துப் பேசிய பேச்சுதான் கணக்கில் சேர்ந்தது.

29 குழந்தைகள் என்பது சிறிய எண்தான். ஆனால் ‘லத்தீனோத் தாய்மார் குழந்தைகளோடு அதிகம் பேசமாட்டார்கள்’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த ஒரு தாள் போதுமான மறுப்பு. வறுமைக்கும் எல்லை உண்டு என்பதையும் அது காட்டுகிறது: காசு குறைந்த வீட்டிலும் 12,000 சொல் பேசுகிறாள் ஒரு தாய்.

அடுத்து, பேசுவது எந்த மொழியில்? இங்கேதான் பண்பாட்டேற்பு, அதாவது புது ஊரின் பழக்கவழக்கத்துக்கு மாறிக்கொள்ளுதல், கணக்கில் நுழைகிறது. இதை அளக்கவும் படிவங்கள் உண்டு. ஹெரார்தோ மரின் குழு 1987இல் தந்த படிவத்தில் 12 கேள்விகள்: வீட்டில் எந்த மொழி, எந்த மொழியில் யோசிக்கிறீர்கள், தொலைக்காட்சி எதில், நண்பர்கள் யார். ‘ஸ்பானிஷ் மட்டும்’ என்றால் 1. ‘ஆங்கிலம் மட்டும்’ என்றால் 5. சராசரி 2.99ஐத் தாண்டினால் அந்த ஆள் மாறிவிட்டார் என்று பொருள். ஒரு மொழி ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும் என்று இந்த அளவுகோல் தன்னையறியாமல் சொல்கிறது. இஸ்ரேல் குவெயார் குழுவினர் 1995இல் திருத்தித் தந்த படிவம் மெக்சிகப் பக்கத்துக்கு 17, அமெரிக்கப் பக்கத்துக்கு 13 என்று இரண்டு தனிக் கணக்கு வைத்தது. இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் வாங்கலாம். எனக்கு இரண்டாவதுதான் நேர்மையான பேரேடாகப் படுகிறது.

மொழி எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பதற்கு எண்கள் தெளிவாகவே இருக்கின்றன. குடியேறிய லத்தீனோப் பெற்றோரில் 97 விழுக்காட்டினர் பிள்ளைகளிடம் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அமெரிக்காவில் பிறந்த இரண்டாம் தலைமுறைப் பெற்றோரில் 71. மூன்றாம் தலைமுறையிலும் அதற்குப் பின்னும் 49. இது பியூ மையம் 2018இல் தந்த கணக்கு. பேசுகிறோம் என்று சொல்வது ஒன்று, பேச வருவது வேறு. அதே மையம் 2023இல் வெளியிட்ட கணக்கில், மூன்றாம் தலைமுறையிலும் பின்னும் ஸ்பானிஷில் சரளமாக உரையாட முடியும் என்றவர்கள் 34 விழுக்காடு மட்டும். வருங்காலத் தலைமுறை ஸ்பானிஷ் பேசுவது முக்கியம் என்று ஒட்டுமொத்தத்தில் 85 விழுக்காட்டினர் சொல்கிறார்கள். ஸ்பானிஷ் வராதவர்களில் 54 விழுக்காட்டினர், இன்னொரு லத்தீனோ அதற்காகத் தங்களைக் குத்திக்காட்டியதுண்டு என்கிறார்கள். பாட்டி வீட்டு விருந்தில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, மாமா ஒருவர் சிரிக்க, அவள் அடுத்த விருந்துக்கு வராமல் இருக்கக் காரணம் தேடும் கதைதான் அந்த 54.

தென் கலிபோர்னியாவில் ரூபன் ரம்பவுட், டக்ளஸ் மாஸி, ஃபிராங்க் பீன் மூவரும் 2006இல் மொழிக்கு ஆயுட்கணக்கே போட்டார்கள். மெக்சிக வம்சாவளியில் மூன்றாம் தலைமுறையில் ஸ்பானிஷ் நன்றாகப் பேசுகிறவர் 17 விழுக்காடு. நாலாம் தலைமுறையில் 5. எல்லைக்கோட்டிலிருந்து கார் ஓடும் தொலைவிலேயே இந்த நிலை. ஆங்கிலம் கற்க மறுக்கிறார்கள் என்று தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் முழங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததில்லை போலும்.

அரசும் இதில் கை வைத்தது. 1998இல் கலிபோர்னியா வாக்காளர்களில் 61 விழுக்காட்டினர் ‘புரொபோசிஷன் 227’ஐ ஆதரித்துப் பொதுப்பள்ளிகளில் இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். 2016இல் 73 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவோடு அது விலக்கப்பட்டது. இடையில் 18 ஆண்டு. இந்தப் பதினெட்டுக்குள்ளேயே, 2011இல், இரு மொழியில் தேர்ந்து பள்ளி முடிப்பவருக்குச் சான்றிதழில் முத்திரை குத்தும் சட்டத்தையும் அதே மாநிலம் கொண்டுவந்தது. ஐந்து வயதில் வகுப்பறையில் இடமில்லாத மொழிக்குப் பதினெட்டு வயதில் பதக்கம்!

மொழி இருக்கும் வீட்டில் குழந்தைக்கு ஒரு சம்பளமில்லா வேலையும் உண்டு. மின்கட்டணச் சீட்டைப் படித்துச் சொல்வது, வாடகை ஒப்பந்தத்துக்கு அர்த்தம் சொல்வது, அம்மாவின் நோயை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது. மத்திய அரசின் உதவி பெறும் மருத்துவமனைகளில் நெருக்கடி தவிர மற்ற நேரத்தில் பிள்ளைகளை மொழிபெயர்க்கவைக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்தது. அரசுச் சேவைகளில் மொழியுதவி தரச்சொல்லி 2000இல் கிளின்டன் இட்ட ஆணையை 2025 மார்ச்சில் டிரம்ப் நீக்கினார். ஆங்கிலமே ஆட்சிமொழி என்று அறிவித்த அதே ஆணையில். வேலை மறுபடி பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தோளுக்கு வருகிறது. பெற்றோரைவிடப் பிள்ளைகள் வேகமாக மாறும்போது வீட்டில் அதிகாரம் தலைகீழாவதைத்தான் அலெஹாந்த்ரோ போர்ட்டெஸும் ரம்பவுட்டும் எச்சரித்தார்கள். 1992 முதல் மயாமி, சான் டியேகோ பகுதிகளில் 5,262 மாணவர்களைப் பின்தொடர்ந்து எழுதியவர்கள் அவர்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அடியெடுத்துவைத்து, பழைய மொழியையும் விடாத வீடுகளில் பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள் என்பது அவர்கள் கண்டது.

வரவுப் பக்கத்தில் பாட்டிக்குத் தனி வரி வேண்டும். 2021இல் பல தலைமுறை ஒரே கூரையில் வாழும் வீட்டில் இருந்தவர்கள்: லத்தீனோக்களில் 26 விழுக்காடு, வெள்ளையரில் 13. கறுப்பர்களிலும் 26, ஆசியரில் 24. எனவே இது லத்தீனோக்களுக்கு மட்டும் உரிய குணம் இல்லை. 2023இல் அமெரிக்காவில் ஒரு குழந்தையைக் காப்பகத்தில் விடச் சராசரி ஆண்டுச் செலவு 11,582 டாலர். மேலே பார்த்த 15,080 டாலர் சம்பளத்தில் முக்கால் பங்குக்கு மேல். அபுவேலா, அதாவது பாட்டி, வீட்டில் இருந்தால் அந்தச் செலவு 0. ஸ்பானிஷும் சேர்ந்தே வரும். ‘ஹோம்’ படிவத்தில் அபுவேலாவுக்கென்று கட்டம் இல்லை. சதுர அடிக் கேள்வியில் ஓர் ஆள் கூடிப்போனதற்காக மதிப்பெண்ணை வேண்டுமானால் இழக்கலாம்.

சமையலறைக்குப் போனால் கணக்கு இன்னும் சுவாரசியம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைத்தால் வருவது மாசா. டோர்ட்டியாவும் தமாலேயும் அதில்தான். சுண்ணாம்பு சேர்வதால் கால்சியம் கூடுகிறது. சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் உடலுக்குக் கிடைக்கிறது. இந்த நுட்பம் தெரியாமல் வெறும் சோளமாவை உண்ட அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாக்ரா நோயால் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இது வரவு.

செலவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. குழந்தையின் முதுகுத்தண்டு கருவிலேயே சரியாக மூடாமல் போகும் குறையைத் தடுக்க, 1998 முதல் செறிவூட்டிய கோதுமை மாவில் பவுண்டுக்கு 0.7 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது அமெரிக்காவில் கட்டாயம். மாசா அந்தப் பட்டியலில் இல்லை. பாக்கெட் ரொட்டிக்கு மாறிய வீட்டுக்கு அமிலம் கிடைத்தது; டோர்ட்டியாவை விடாத வீட்டுக்குக் கிடைக்கவில்லை. லத்தீனோத் தாய்மாரின் குழந்தைகளுக்கு இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்துவந்தது. மாசாவிலும் அதே 0.7 மில்லிகிராம் வரை சேர்க்கலாம் என்ற அனுமதியை உணவு, மருந்து நிர்வாகம் 2016 ஏப்ரலில்தான் தந்தது. பதினெட்டு ஆண்டு தாமதம். அதுவும் விருப்பம்தான், கட்டாயமில்லை. கட்டாயமாக்கி 2024இல் சட்டமியற்றியது கலிபோர்னியா. 2026 ஜனவரி முதல் நடைமுறை. புது ஊர் உணவுக்கு மாறியது பலன் தந்ததாகத் தெரியும் இந்த இடத்தில் பலன் தந்தது உணவு அல்ல, ஒரு விதி. இதைப் பண்பாட்டின் கணக்கில் எழுதினால் மாவு ஆலையும் அரசு அலுவலகமும் தப்பித்துக்கொள்ளும்.

நேர்மாறான வரியும் உண்டு. 2021இல் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் நாடு முழுதும் 5.44, லத்தீனோக்களிடம் 4.79. வருமானத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் பார்த்தால் இந்த எண் இதைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். கிரியாக்கோஸ் மார்க்கிடெஸ் 1986இல் சுட்டிக்காட்டியதிலிருந்து இந்தப் புதிரை ஆய்வாளர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாக வந்த தாய்மாரைவிட இங்கேயே பிறந்து வளர்ந்த லத்தீனோத் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது கூடுகிறது என்பதும் அந்த விவாதத்தின் ஒரு பகுதி. அதிக நாள் இருக்க இருக்க உடல்நலம் தேயும் நாடு என்றால் அதன் தீனியைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். 2017 முதல் 2020 வரையான அளவீட்டில் 2 முதல் 19 வயது வரையுள்ள லத்தீனோக்களில் உடல்பருமன் உள்ளவர்கள் 26.2 விழுக்காடு, வெள்ளையரில் 16.6. சோடாவும் பாக்கெட் தீனியும் மலிந்து, காய்கறிக்கடை தூரமாகிப்போன தெருவில் பண்பாட்டுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று சொல்வது கடினம்.

சம்பளத்திலிருந்து வெளியே போகும் பணத்தையும் எழுத வேண்டும். 2023இல் மெக்சிகோவுக்கு வந்த பணம் ஏறத்தாழ 6,330 கோடி டாலர், பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. ஒரு தடவைக்குச் சராசரி 393 டாலர். மாதம் ஒருமுறை அனுப்பும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,716. நாம் போட்ட 30,160 டாலர் மாதிரிக் குடும்பம் இதைச் செய்தால் வருமானத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். குழந்தையின் புத்தகம் இங்கே குறைகிறது. அத்தையின் மருந்து அங்கே கிடைக்கிறது. வீட்டுச்சூழல் என்பது நாலு சுவருக்குள் முடிவதாக எண்ணி அளக்கும் படிவத்துக்கு இது தெரியாது. 2026 ஜனவரி முதல் ரொக்கமாகக் கட்டி அனுப்பும் பணத்துக்கு 1 விழுக்காடு வரி வேறு.

பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறையும்போது நடத்தும் கின்சியன்யேரா விழாவை வீண்செலவு என்று எழுதுவோர் உண்டு. உடுப்புக்கு ஒரு பத்ரினோ, கேக்குக்கு ஒருவர், பாட்டுக்குழுவுக்கு ஒருவர், மண்டபத்துக்கு ஒருவர் என்று ஞானப்பெற்றோர் பொறுப்பைப் பிரித்துக்கொள்வார்கள். நம்மூர் மொய் நோட்டு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நாளைக்கு அவர்கள் வீட்டு விழாவில் இவர்கள் கேக் வாங்குவார்கள். வங்கியில் கடன் கிடைக்காதவர்களின் கடன் ஏற்பாடு இது. ஆனாலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு: சுற்றத்தில் எல்லோருமே ஏழை என்றால் இந்தச் சுழற்சியில் புதுப்பணம் எங்கிருந்தும் வராது.

வீட்டில் இருப்பதைக் குறைவாக எண்ணாமல் அதிலிருந்தே தொடங்கியவர்கள் உண்டு. அரிசோனாவின் டூசான் நகரில் லூயிஸ் மோல் குழு, தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களையே அனுப்பியது. அதை 1992இல் எழுதினார்கள். அப்படிப் போன ஆசிரியை கேத்தி அமான்டி ஒரு பையனைக் கவனித்தார். மெக்சிகோ போய்வரும்போது மிட்டாய் வாங்கிவந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விற்கிறவன். வகுப்பில் மிட்டாயே பாடமானது. உறையில் இருக்கும் பொருட்பட்டியலைப் பிள்ளைகள் ஒப்பிட்டார்கள். மெக்சிக மிட்டாயில் பொருட்கள் குறைவு என்று கண்டு ஆச்சரியப்பட்டார்கள். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்துகாட்டினார். விலை, அளவு, விற்பனை எல்லாம் கணக்குப் பாடம். அந்தப் பையனின் வீட்டில் 10 புத்தகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கொள்முதலும் லாபமும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

டெக்சஸின் சான் அன்டோனியோவில் 1973 முதல் இயங்கும் ‘அவான்ஸே’ அமைப்பு ஒன்பது மாத வகுப்பு நடத்துகிறது. தாய்மார் துணி, அட்டை முதலிய மலிவுப் பொருட்களால் பொம்மையும் புத்தகமும் தாங்களே செய்து வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். ‘கற்றல் பொருட்கள் 11’ என்ற அந்தக் கட்டத்தைக் கடைக்குப் போகாமல் நிரப்பும் வழி. பெரிய தொகை கேட்காத திட்டம். அதனால்தானோ என்னவோ பெரிதாகப் பேசப்படுவதும் இல்லை.

பள்ளியில் என்ன விளைந்தது? 2010இல் 16 முதல் 24 வயது வரையுள்ள லத்தீனோக்களில் பள்ளிப்படிப்பை முடிக்காமல் நின்றவர்கள் 16.7 விழுக்காடு. 2022இல் 7.9. பன்னிரண்டு ஆண்டில் பாதிக்கும் கீழே. இதே காலத்தில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் நாட்டில் கூடினார்களே தவிர, குறையவில்லை. மொழிதான் தடை என்றால் எண் எதிர்த்திசையில் போயிருக்க வேண்டும்.

கடைசியாக, குடியேற்ற ஆவணங்கள். 1977இல் டெக்சஸின் டைலர் நகரப் பள்ளி நிர்வாகம் ஆவணமற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. 1982இல் உச்ச நீதிமன்றம் ‘பிளைலர் எதிர் டோ’ வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் அதைத் தடுத்தது. ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் கதை வேறு. 2022இல் அமெரிக்காவில் பிறந்து, ஆவணமற்ற பெற்றோருடன் வாழ்ந்த 18 வயதுக்குட்பட்டோர் 44 லட்சம் பேர். எல்லோரும் லத்தீனோக்கள் அல்ல என்றாலும் பெரும்பாலோர் அவர்களே. இந்த வீடுகளில் பள்ளிப் படிவத்தில் முகவரி எழுதவே தாய் தயங்குகிறாள். நூலக அட்டைக்கு அடையாளம் கேட்டால் திரும்பிவிடுகிறாள். ஆர்வமில்லாத பெற்றோர் என்று ஆசிரியர் எழுதும் குறிப்புக்குப் பின்னால் சில நேரம் இதுதான் இருக்கிறது.

2020 ஏப்ரலில் நிவாரணக் காசோலை வந்தபோது பெரியவருக்கு 1,200, குழந்தைக்கு 500 டாலர். தந்தைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இருந்து, தாய்க்கு வரிக்கென்று தரப்படும் தனி எண் மட்டும் இருந்து, இருவரும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்திருந்தால், இரண்டு குடிமக்கள் குழந்தைகள் உள்ள அந்த வீட்டுக்கு வரவேண்டிய 3,400இல் கிடைத்தது 0. டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, எண் உள்ள தந்தைக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் தந்தார்கள். பசித்த ஏப்ரலுக்கு அது எட்டு மாதம் பிந்திய பணம்.

2022இல் ஆவணமற்றவர்கள் கட்டிய வரிகள் 9,670 கோடி டாலர் என்று வரி, பொருளாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 2025 வரி ஆண்டில் குழந்தை வரிச்சலுகை ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 2,200 டாலராக உயர்ந்தது. அதே சட்டம், பெற்றோரில் ஒருவருக்காவது சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும் என்றும் புதிதாகச் சேர்த்தது. அதுவரை குழந்தைக்கு இருந்தால் போதும். ஆக, அமெரிக்காவில் பிறந்த இரண்டு குழந்தைகளும் எண் இல்லாத பெற்றோரும் உள்ள வீட்டில், எத்தனை டாலர் வரி கட்டியிருந்தாலும், இந்தச் சலுகையாகக் கிடைப்பது 0.